ரத்தம் போகிறவருக்கு ஓர் ஊசி

"ரத்தமாப் போறவருக்கு, ரத்தம் உறையாம இருக்க ஊசியா மேடம்?"

டாக்டர் திருவேங்கடம் இதைக் கேட்டது ஒரு புதன்கிழமை.

இருபது வருஷம் சிறிய ஊர் ஒன்றில் வைத்தியம் பார்த்தவர். குடல் நோய்களைக் கற்க மறுபடி மாணவராக வந்திருந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் நஸீமா அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

"ஆமா சார். தினமும் ஒண்ணு."

"சவரிமுத்துவுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். நேத்து பன்னிரண்டு தடவை ரத்தமாப் போயிருக்கு."

"அதனாலதான்."

நஸீமா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திருவேங்கடத்துக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம்.

சவரிமுத்து பஸ் கண்டக்டர். முகம் வெளிறிக் கிடந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நர்ஸிடம், "ஊசி இப்ப வேண்டாம்" என்றார் திருவேங்கடம்.

சனிக்கிழமை அவரே நஸீமாவிடம் போய்ச் சொன்னார்.

"மூணு நாளாப் போடலை மேடம். பயமா இருந்தது."

நஸீமா திட்டவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து நீட்டினார்.

"அவர் கெண்டைக்காலை அளந்து பாருங்க. ரெண்டையும்."

வலது கால் முப்பத்து மூன்று சென்டிமீட்டர்.

இடது கால் முப்பத்தெட்டு.

மறுபடி அளந்தார். முப்பத்தெட்டுதான். தொட்டால் சுட்டது.

"நேத்துலேருந்து கனக்குது டாக்டர்" என்றார் சவரிமுத்து. "படுத்தே கிடக்கிறதால இருக்கும்னு விட்டுட்டேன்."

ஸ்கேனில் ரத்தக்கட்டி தொடைவரை தெரிந்தது. நுரையீரலுக்கு இன்னும் போகவில்லை.

அதே ஊசியை இப்போது இன்னும் கூடுதலான அளவில் போடவேண்டியிருந்தது. திருவேங்கடமே போட்டார்.

"புண்ணு குடல்லதானே மேடம். கால் என்ன பண்ணுச்சு?"

"குடல் வேற, கால் வேறன்னு ரத்தக்குழாய்க்குத் தெரியுமா சார்? குடல்ல இருக்கிற அழற்சி உடம்பு முழுக்க ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்குது."

"அப்ப புண்ணுல ஏன் உறைய மாட்டேங்குது?"

"அங்கேயும் உறையுது. அடைச்ச குழாய்க்குப் பக்கத்துலயே இன்னொண்ணு ஒழுகுது."

திருவேங்கடத்துக்குக் குழப்பம் அதிகமானதுதான் மிச்சம்.

சவரிமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ரத்தம் போகுதா டாக்டர், உறையுதா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

நஸீமா திருவேங்கடத்தைப் பார்த்தார்.

திருவேங்கடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டும்தாங்க" என்றார். "நான் ஒண்ணைத்தான் பார்த்தேன்."