கும்பிட்டது கேட்கவில்லை

"எவனோ என் நாடகத்தோட கழுத்தை அறுத்துட்டான், டீச்சரம்மா! அவன் கையை ஒடிக்காம விடமாட்டேன்."

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையே அதிர்ந்தது. கத்தியவர் இயக்குநர் வேதமுத்து. பதினான்கு படம் எடுத்துப் பேர் வாங்கியவர். தொழில் பழகியதென்னவோ இங்கே, வானொலி நாடகத்தில்தான். பழக்கியவர் செங்கமலம். வேதமுத்துவைவிட மூன்று வயது சின்னவர்; ஆனாலும் அன்றிலிருந்து டீச்சரம்மாதான்.

இருபது வருடம் கழித்து மறுபடி ஒரு நாடகம் செய்திருந்தார் வேதமுத்து. அண்ணனுக்குத் துரோகம் செய்த தம்பி, வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்கிற கதை. ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பு.

"எதை அறுத்துட்டாங்க?"

"மன்னிப்புக் கேட்கிற இடத்தையே காணோம்!"

செங்கமலம் நாடாவை ஓடவிட்டார். கதவு கிறீச்சிட்டது. 'யாரது?' என்றது அண்ணன் குரல். அப்புறம் ஒன்பது நொடிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு அதே குரல், 'சரி, உள்ள வா.'

"பாத்தீங்களா அநியாயத்தை?"

"நாடா முழுசா இருக்கு. எங்கேயும் வெட்டி ஒட்டலை. தம்பி என்ன பேசினான்?"

"பேசுறதா? கையெடுத்துக் கும்பிட்டான், டீச்சரம்மா! கண்ணுல தண்ணி பொலபொலன்னு... நானே அழுதுட்டேன்."

"நீங்க பக்கத்துல நின்னீங்க, அழுதீங்க. வீட்டுல ரேடியோ கேட்கிறவன் எதைப் பார்த்து அழுவான்?"

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. கேமராவே இல்லாத அறையில் கேமராவுக்கு நடிக்க வைத்திருக்கிறார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தூத்துக்குடியில அண்ணன் கேட்பாரு. அவருக்காகத்தான் இந்த நாடகமே."

அண்ணன் அருளப்பன் வானொலிக்கு எழுதிய கதைதான் வேதமுத்துவின் முதல் படம். டைட்டிலில் அருளப்பன் பெயர் வரவில்லை. அதோடு பேச்சு நின்றுபோனது.

"இந்தப் பதினெட்டு வருஷத்துல அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?"

"என் படம் நாலுல தம்பி அண்ணன் கால்ல விழுவான். அவருக்குப் புரியாதா?"

"நாலு நடிகரை அனுப்பினீங்களாக்கும்."

வேதமுத்து பேனாவை உருவினார்.

"நடிகனை வரச்சொல்லுங்க. இப்பவே வசனம் எழுதித் தரேன். அவன் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க."

செங்கமலம் மேஜைமேல் இருந்த தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நடிகனை விடுங்க. அவன் ஒரு தப்பும் பண்ணலை. அருளப்பன் பேரை டைட்டில்ல இருந்து எடுத்தவன் எவனோ, அவனை இன்னைக்காவது வாயைத் திறக்கச் சொல்லுங்க."