இனிப்பை விட்டவள்

"மேடம், இதுங்க வாயே திறக்க மாட்டேங்குது."

செண்பகவல்லி கண்ணாடித் தட்டை நீட்டினாள்.

தட்டில் கடுகைவிடச் சிறிய செல் கூட்டங்கள். இறந்துபோன யாரோ ஒருவர் கொடையாகத் தந்த கணையத்திலிருந்து எடுத்தவை. சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரக்க வேண்டும். அதுதான் அவற்றின் பிழைப்பு.

அவள் மகன் நிலவனின் உடம்பில் அந்தப் பிழைப்பைப் பார்க்க ஆளில்லை. ஆறு வயதிலிருந்தே ஊசிதான். அதற்காகவே பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தவள் அவள். குருவாக வாய்த்த பெனாசிரோ, அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"செத்துப்போச்சாக்கா?"

"உயிரோடதான் இருக்கு. சர்க்கரை ஊத்தினாலும் அதே இன்சுலின், ஊத்தாட்டியும் அதே இன்சுலின். சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"என்ன போட்டு வளர்க்கிறீங்க?"

"ஒரு குறையும் வைக்கல மேடம். எப்பவும் சர்க்கரைத் தண்ணியிலதான் வச்சிருக்கேன்."

"புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது. சோதனைக்கு முன்னால ஒரு மணி நேரம் சர்க்கரையைக் குறைச்சு வைக்கணுமே?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குறைச்சேன். மனசு தாங்கல. உடனே ஊத்திட்டேன்."

"ஏன்?"

"சர்க்கரை இறங்கினா என்ன ஆகும்னு கண்ணால பார்த்தவ நான். பள்ளிக்கூட வாசல்ல என் புள்ள நடுங்கிக்கிட்டு நின்னான். என் முகத்தையே பார்த்து, 'நீங்க யாரு'ன்னு கேட்டான்."

பெனாசிர் தட்டை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"இது எவ்வளவு நாள் தாங்கும்?"

"நாளைக்கு மேல தாங்காது. அடுத்த கணையம் எப்போ வருமோ, யார் கண்டா?"

"கை கழுவிட்டு வாங்க. டீ குடிப்போம்."

பக்கத்து அறைக்குப் போனார்கள். பெனாசிர் தன் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள். லட்டு டப்பாவைச் செண்பகத்தின் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் மேடம். இனிப்பை விட்டுட்டேன்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. காசிக்குப் போறவங்க புடிச்ச பழத்தை அங்கேயே விட்டுட்டு வருவாங்கல்ல, அது மாதிரி. என் புள்ள ஊசியை விடுற அன்னைக்குத்தான் தொடுவேன்."

"அவன் என்ன சொல்றான்?"

"சிரிக்கிறான். 'ஊசி போட்டுக்கிட்டு நானே லட்டு திங்கிறேன், உனக்கு என்னம்மா கேடு'ங்கிறான்."

பெனாசிரும் சிரித்தாள். பிறகு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பச்சைக் கேரட் துண்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்தாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"தேன் மேடம். அப்படி இனிக்குது."

"எனக்கு விறகைக் கடிச்ச மாதிரி இருக்கு. ஒரே கேரட்தானேக்கா?"

செண்பகம் மெல்லுவதை நிறுத்தினாள்.

குருவின் கோப்பையைப் பார்த்தாள். அடியில் கரையாமல் தங்கிய சர்க்கரையைப் பார்த்தாள்.

சட்டென்று எழுந்து போய்விட்டாள்.

செல்களைக் கழுவினாள். சர்க்கரை குறைந்த நீரில் விட்டாள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கை சர்க்கரைக் குப்பிக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். மறுபடியும் போனது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி," என்றாள் தட்டைப் பார்த்து.

ஒரு மணி நேரம் ஆனது. சர்க்கரை விட்டாள்.

மறுநாள் இன்சுலின் அளவு வந்தது.

"பேசிடுச்சா?" என்று கேட்டாள் பெனாசிர்.

செண்பகம் ஏறியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

பெனாசிர் ஓடிப்போய் லட்டு டப்பாவை எடுத்துவந்தாள்.

"இப்போவாவது?"

"தட்டுல இருக்கிறதுதான் பேசியிருக்கு மேடம். என் புள்ளைக்குள்ள இன்னும் யாரும் பேசலியே."

அவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கேரட் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். பெனாசிரும் ஒன்று எடுத்தாள். வெகு நேரம் மென்றாள்.

"எனக்கு இது எப்போக்கா இனிக்கும்?"

செண்பகம் குருவின் டீக் கோப்பையைத் தூக்கி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.