மேப்பில் வைத்த கிணறு

திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு என்றால் செக்கச்செவேலென்று மணல்தான். இன்றைக்குப் பார்த்த மேடு நாளைக்கு அந்த இடத்தில் இருக்காது. போன் மேப்பில் பார்த்தாலும் ஒரு பேர் கிடையாது, ஒரு ரோடு கிடையாது. மொட்டைச் சிவப்பு.

அந்தச் சிவப்பில்தான் நயினார் ஒரு கிணறு வைத்தார்.

நயினார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில் கதை எழுத ஆசை வந்து, சனிக்கிழமைதோறும் செண்பகவல்லி டீச்சரிடம் படிக்கப் போனார். டீச்சருக்கு அவர் மகள் வயசு.

"மேப்புல பேர் இல்லாத இடத்துக்கு ஒரு பேர் வச்சு, கதை எழுதிட்டு வாங்க அண்ணாச்சி" என்று டீச்சர் ஒரு வாரம் பாடம் கொடுத்தார்.

நயினார் 'கூப்பாட்டுக் கிணறு' என்று பேர் வைத்தார். உச்சி வெயிலில் அங்கே போய், காணாமல் போனவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் மண்ணுக்குள்ளிருந்து பதில் வரும். அதுதான் கதை. அத்தோடு விட்டிருக்கலாம். நிஜம் போலவே இருக்கட்டுமே என்று, மேப்பில் அந்த இடத்தில் பேரைப் பதிந்து, கதையையும் அந்தப் பேருக்குக் கீழே எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டுவிட்டார்.

ஒரு மாசம் ஒன்றுமில்லை. பிறகு கருத்துகள் வந்தன. 'போனேன். கேட்டது.' 'எங்க அப்பா குரல்தான்.' நயினார் முதலில் சிரித்தார். கடைசியாக வந்ததைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

'நேத்து வந்தேன். எம் மவன் பேசுதான். இனி இங்கதான் இருப்பேன்.' மரியபுஷ்பம் என்று பேர் போட்டிருந்தது.

டீச்சர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எழுதுனத அழிச்சா அது போயிருமா?"

டீச்சர் போனை வாங்கிப் படித்தார். கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்தார். "பைக்க எடுங்க. நான் தண்ணி எடுத்துக்கிடுதேன்."

ரோடு முடிந்த இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தார்கள். உச்சி வெயில். காற்றில்லை, ஒரு காக்காய்கூட இல்லை. வெறும் மணலில் போன் மட்டும் இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று வழி சொல்லிக்கொண்டே வந்தது. பிறகு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது.

மணலில் ஒரு குழி. குழிக்குள் காதை வைத்து ஒரு அம்மா படுத்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"மரியபுஷ்பம் அக்காவா?" என்றார் டீச்சர்.

"சத்தம் போடாதீய. பேசுதான்."

"யாரு?"

"எம் மவன் கித்தேரியான். கடலுக்குப் போயி மூணு வருசம்."

டீச்சர் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மா குடித்தார். எழுந்திருக்கச் சொன்னால் மட்டும் கேட்கவில்லை. இருவரும் தூக்கிப் பார்த்தார்கள். வேர் விட்டது போல அசையவில்லை.

"அம்மா, இங்க கிணறே கிடையாது. நான் எழுதுன கதை" என்றார் நயினார். "முழுக்கப் பொய்."

"இருக்கட்டுமே. பேசுதது எம் மவன்லா."

நயினார் அவர் கண் முன்னாலேயே மேப்பிலிருந்து பேரை நீக்கினார். "பாருங்க, போயிட்டு."

அந்த அம்மா பார்க்கவில்லை. "உங்களுக்கும் கேக்கும். காத வையுங்க."

நயினார் மண்டியிட்டுக் காதை வைத்தார். மேலே மணல் கொதித்தது, உள்ளே சில்லென்றிருந்தது. ரொம்பத் தூரத்திலிருந்து ஒரு இளவட்டக் குரல்.

'இங்கதான் இருக்கேன்.'

கொஞ்சம் பொறுத்து மறுபடி, அதே இழுப்பில், 'இங்கதான் இருக்கேன்.'

நயினார் பதறி எழுந்தார். அது கதையில் அந்தக் குரலுக்கென்று அவர் எழுதிய வார்த்தை.

"இதத்தான் சொல்லுதான்" என்றார் அந்த அம்மா. "சாப்பிட்டியான்னு கேட்டாலும் இதுதான். எப்பம் வருவன்னு கேட்டாலும் இதுதான். வேற ஏதாச்சும் சொல்லுவான்னுதான் இருக்கேன்."

"டீச்சர், அழிச்சும் போகலியே. இவுக இங்கயே செத்துப் போவாவ. நான் என்ன செய்ய?"

டீச்சர் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"அந்தக் குரலுக்கு நீங்க எத்தன வரி எழுதுனீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுதான் டீச்சர்."

"பெறவு அவன் வேற என்னத்தச் சொல்லுவான்? அம்மாவ வீட்டுக்குப் போகச் சொல்லி இன்னொரு வரி எழுதுங்க."