மணலில் கால் வைக்காத கரடியார்

மூங்கில் காட்டுக்கு நடுவே, வெயில் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தில், ஒரு குகை இருந்தது. அடிபட்ட விலங்குகளும் தாயை இழந்த குட்டிகளும் அங்கேதான் வந்து சேரும். கீரி காயத்துக்குப் பச்சிலை வைத்துக் கட்டும். நீர்நாய் இலைத் தொன்னையில் தண்ணீர் கொண்டுவந்து ஊட்டும். முள்ளம்பன்றி குகையைப் பெருக்கிச் சருகுப் படுக்கை போடும். மூன்றுக்கும் தலைவர் கரடியார்.

கரடியார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணியில் மாட்டி உயிருக்குப் போராடிய ஒரு சருகுமானிடம், "உன் குட்டி எங்கிட்ட பத்திரமா இருக்கும், நிம்மதியாப் போ!" என்று வாக்குக் கொடுத்தவர். கால் ஒடிந்த அந்தக் குட்டியைத் தன் முதுகிலேயே சுமந்து வந்தவர். ஆனால் குகை வாசலிலேயே அதை நீர்நாயிடம் ஒப்படைத்துவிட்டு நின்றுவிட்டார். காரணம் அந்த மணல்.

வாசல் முழுக்க ஆற்று மணல் பரப்பி வைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் முள்ளம்பன்றி அதைச் சமப்படுத்தும். விடிந்ததும் கரடியார் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தடம் பார்ப்பார். யார் வந்தது, யார் போனது, எல்லாம் அதில் தெரிந்துவிடும். அவர் மட்டும் அதில் கால் வைக்கவே மாட்டார்.

"என் பாதம் பட்டா மத்தவங்க தடமெல்லாம் அழிஞ்சுபோயிடும்ப்பா!" என்பார் பெருமையாக.

ஒரு நாள் காலையில் கீரி சிவந்த கண்ணோடு வெளியே வந்தது.

"ஐயா, கிழட்டு முயல் போயிடுச்சு. விடியற வரைக்கும் என் கையை விடவே இல்லை. கடைசியா அது..."

"அது கிடக்கட்டும்! நேத்து சாயங்காலம் நீ வீட்டுக்குப் போன தடம் எங்கே?"

"நான் போகவே இல்லையே ஐயா! ராத்திரி பூரா முயல் பக்கத்துலயேதான்..."

"ஒழுங்குன்னா ஒழுங்குதான். இன்னிக்கு உனக்குப் பழம் கிடையாது. போ, போய் வேலையைப் பார்!"

கீரி வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நீர்நாயும் முள்ளம்பன்றியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

அதற்குப் பிறகு மணலில் ஒரு குறை சொல்ல முடியாது! வந்த தடம் நேரத்துக்கு வந்தது. போன தடம் நேரத்துக்குப் போனது. கரடியார் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

குகைக்குள் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே போனது. நீர்நாய் குட்டிகளைக் கொஞ்சுவது கேட்கவில்லை. பள்ளத்து மூங்கிலில் உட்காரும் குருவிகள்கூட எங்கேயோ போய்விட்டன. 'வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள்' என்று கரடியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு காலைப்பொழுது. மூடுபனி பள்ளத்தை நிறைத்திருந்தது. கரடியார் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். மணல் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. ஈ காக்கை இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணலில் ஒரு பள்ளம் விழுந்தது.

சின்னப் பள்ளம். கீரியின் பாதம். அடுத்தது விழுந்தது, அதற்கடுத்தது விழுந்தது. தடங்கள் வரிசையாகக் குகையை நோக்கிப் போயின. மேலே ஒன்றுமே இல்லை, வெறும் பனி! அதன் பின்னாலேயே நீர்நாயின் தடங்கள் வந்தன. அங்கும் ஆள் இல்லை.

கரடியார் இரண்டடி பின்வாங்கினார்.

"கீரி! நீர்நாய்! யாரப்பா அது?"

உள்ளேயிருந்து மெலிசாக ஒரு குரல் மட்டும் வந்தது. சருகுமான் குட்டி.

"கரடி மாமா... தொன்னை தானா வருது. தானா என் வாய்கிட்ட நிக்குது. யாருமே இல்லை மாமா! எனக்குப் பயமா இருக்கு. நான் குடிக்க மாட்டேன்."

"ஐயையோ! எப்போலேர்ந்து குடிக்கலை நீ?"

"முந்தாநேத்துலேர்ந்து..."

வாசல் இருட்டில் முட்கள் சலசலத்தன. முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தது. இல்லை, பாதி முள்ளம்பன்றி. முகம் இருந்த இடத்தில் பின்னாலிருந்த பாறை தெரிந்தது.

"மத்த ரெண்டு பேரும் எங்கே?" என்று கேட்டார் கரடியார்.

"இங்கேதான் இருக்காங்க ஐயா. நீங்க காலைத்தானே தினமும் கேட்டீங்க? கால் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. மிச்சத்தை யாரும் கேக்கலை. அது மெல்ல மெல்ல வராமப் போயிடுச்சு. நானும் போயிக்கிட்டிருக்கேன்."

கரடியாருக்கு அப்போதும் பழைய புத்திதான்.

"எல்லாருக்கும் ரெண்டு பங்கு தேன்! உடனே வெளியே வாங்க!"

தடங்கள் வந்தன. ஆளில்லாத அந்தத் தடங்கள் குகையிலிருந்து திரும்பி வந்து, அவருக்கு முன்னால் வரிசை கட்டி, அவரைப் பார்த்தபடி நின்றன. அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தன.

"தாகமா இருக்கு மாமா..." என்ற குட்டியின் குரல் பாதியில் நின்றுபோனது.

செத்துக்கொண்டிருந்த தாய்க்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் வந்து குத்தியது. கரடியார் மணலைப் பார்த்தார். எத்தனை நாள் பாதுகாத்த மணல்!

"போகட்டும், நாசமாப் போகட்டும்!" என்று கத்திக்கொண்டே அதில் கால் வைத்தார். தொம் தொம்மென்று ஓடினார். எல்லாத் தடமும் அழிந்தது.

உள்ளே ஒரே குளிர். குட்டி சருகின்மேல் துவண்டு கிடந்தது. கரடியார் தொன்னையை எடுத்தார். அவருடைய பெரிய கையில் அது சாய்ந்து, பாதித் தண்ணீர் கொட்டியது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியலை," என்றார். அவர் தலைவரான பிறகு இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நீர்நாய், நீ எப்படி இதுக்கு ஊட்டுவே? எனக்குச் சொல்லிக்கொடு."

முழங்கைக்குப் பக்கத்தில் ஈரமாக ஏதோ உரசியது.

"தலையைத் தூக்காதீங்க ஐயா. புரை ஏறிடும். கன்னத்து ஓரமா, சொட்டுச் சொட்டா..."

முதலில் மீசை தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு நீர்நாயின் முகம்.

கரடியார் இருட்டைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கீரி, அன்னிக்கு நீ சொல்ல வந்தே, நான் கேக்கலை. தப்புப் பண்ணிட்டேன்ப்பா. அந்த முயல் கடைசியா என்ன சொன்னது?"

இருட்டுக்குள் சருகு சலசலத்தது.

"மழை வந்திடுச்சான்னு கேட்டது," என்றது ஒரு குரல். "வந்திடுச்சுன்னு சொன்னேன். வரலை ஐயா. பொய்தான் சொன்னேன்."

இரண்டு கண்கள் இருட்டில் மின்னின. அவற்றிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீரியைக் கட்டிக்கொண்டு கரடியாரும் அழுதார். வாசலில் முள்ளம்பன்றியின் முகம் மெதுவாகத் திரும்பி வந்தது.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்க, குட்டி கண்ணைத் திறந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"அட, எல்லாரும் இங்கேதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, மடக் மடக்கென்று மிச்சத்தையும் குடித்தது.

அன்று சாயங்காலம் முள்ளம்பன்றி பழக்கதோஷத்தில் மணலைச் சமப்படுத்தப் போனது. "விடப்பா, அது அப்படியே கிடக்கட்டும்!" என்றார் கரடியார். அதன்பிறகு அந்த மணலில் அவருடைய பெரிய தடங்களும் மற்றவர்களுடைய சின்னத் தடங்களும் கலந்தே கிடந்தன.

ஆனால் கீரியின் வால் நுனி மட்டும் திரும்பி வரவே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கரடியார் நின்று, "இன்னிக்கு எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார்.

வேலைக்கு வந்த கால்களை மட்டும் பார்க்கும் தலைவருக்குக் கால்கள் மட்டுமே வரும். உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் தலைவருக்குத்தான் மனசும் சேர்ந்து வரும்.