முப்பது வருஷக் கை

நான் கேள்விப்பட்ட இந்தச் சம்பவத்தைப் பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை.

கோவையில் ராசப்பனின் சைக்கிள் கடையில் மரகதம் மெக்கானிக். ராசப்பன் வாங்கிப் போட்ட, போல்ட் முறுக்கும் மட்டமான ஆலன் கீகள் முனை மழுங்கி, போல்ட் தலைகளையும் கெடுத்துக்கொண்டிருந்தன. நல்ல கீயும், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அதெல்லாம் எதுக்கு? முப்பது வருஷக் கை இது. இதான் அளவு," என்பார் ராசப்பன்.

ஒருநாள் ஒரு டாக்டரின் கார்பன் ஹேண்டில்பார் விரிசலோடு வந்தது. அளவுக்கு மீறிய முறுக்கு. முறுக்கியவர் ராசப்பன்தான், பழியை மரகதத்தின் மேல் போட்டார். "கையில அளவு இல்லாதவளுக்கு இங்க வேலை இல்லை," என்றார், டாக்டரின் முன்னாலேயே.

"சரிங்கண்ணா. அந்த அளவைக் கத்துக்கிட்டே போயிடறேன்," என்றாள் மரகதம். புது ஹேண்டில்பாரை வைத்து, நாலு போல்ட்டையும் துடைத்துப் பொருத்தினாள். "நாலையும் ஒரே அளவா முறுக்கிக் காட்டுங்க."

ராசப்பன் முறுக்கினார். அவள் கீயை டாக்டரிடம் நீட்டினாள். "நீங்களே கழட்டிப் பாருங்க சார்."

முதல் போல்ட் ஒரு விரலுக்கே கழன்றது. இரண்டாவதுக்கு மொத்தக் கையும் வேண்டியிருந்தது. மூன்றாவதில் கீயே வழுக்கி, டாக்டரின் விரல் முட்டி சிராய்த்தது.

"டார்க் ரெஞ்ச் வாங்குங்க. அதை வச்சு இந்தப் பொண்ணு முறுக்கட்டும். நீங்க தொடாதீங்க," என்றார் டாக்டர்.

முப்பது வருஷக் கை அவ்வளவா தவறும்? போன மாதம் மரகதத்திடமே கேட்டுவிட்டேன்.

"துடைக்கும்போது, லேசா கழலட்டும்னு அந்த முதல் போல்ட்டுக்கு மட்டும் கிரீஸ் தடவினீங்களா?"