ஒரே செய்திக்கு இரண்டு நேரம்

திருவிழா நாளாகப் பார்த்துத்தான் துறைமுக வயர்லெஸ் அறைக் கணினிக்குத் தானாக அப்டேட் ஆகத் தோன்றியிருக்கிறது. பாதியில் இணையம் அறுந்ததில், எல்லாக் கட்டளைகளும் நம்பியிருக்கும் பொதுக் கோப்பு ஒன்று காணாமல் போய்விட்டது. எதைத் தட்டினாலும் கணினி கையை விரித்தது. மீனவர் பெர்க்மான்ஸின் தம்பி போன விசைப்படகோ கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை. படகு கடைசியாக அனுப்பிய செய்தி கணினிக்குள் இருந்தாக வேண்டும். ஆனால் காலையிலிருந்து அறையில் ஆளில்லை.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் டெல்பின் அசரவில்லை. இப்படியொரு நாளுக்கென்றே மீட்பு ஷெல் ஒன்றை, அதாவது தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு நிரலை, அதில் போட்டு வைத்திருந்தாள். கெட்டிக்காரப் பொருள் அது. அவசியமான கட்டளைகளைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும். வெளியே யாரையும் எதுவும் கேட்காது, தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைக்கூட. கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டால் அதன் சொந்தக் கட்டளை ஓடும். கோடு இல்லாவிட்டால் கணினியின் கட்டளை. எது வேண்டும் என்பது நம் பாடு.

கோடு போட்டுக் கேட்டாள். செய்தி கிடைத்தது: இன்ஜின் நின்றுவிட்டது, இன்ன இடம். வந்து சேர்ந்த நேரம் 6.10. ஷெல்லின் நகல் கட்டளையாலேயே, தொலைந்த கோப்பைக் காப்புப் பிரதியிலிருந்து எடுத்து வைத்தாள். கணினி உயிர்த்தது. சரிபார்க்கக் கோடு இல்லாமல் கேட்டால், அதே செய்திக்கு நேரம் 11.40 என்கிறது! சுவர்க் கடிகாரத்தில் பகல் மணி ஒன்று.

"இப்பதான் செத்துப் பிழைச்ச மெஷினு. அதப் போயி நம்புவியளாக்கா?" என்றான் உதவியாளன் ஆன்ஸ்லெட்.

தேடும் படகிலிருந்து பெர்க்மான்ஸ் வயர்லெஸ்ஸில் கத்தினார்: "காலையிலேருந்துன்னா நீரோட்டம் அவன மேக்க ரொம்ப தூரம் இழுத்திருக்கும். இல்லன்னா பக்கத்துலதான் கெடப்பான். ரெண்டு பக்கமும் தேட டீசல் கெடையாது. எங்க திருப்ப மக்களே?"

 அந்த ஷெல் டெல்பினிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இரண்டில் எது பொய்? பெர்க்மான்ஸ் எந்த நேரத்தை நம்பிப் படகைத் திருப்ப வேண்டும்?

விடை: எதுவுமே பொய்யில்லை. இரண்டுக்கும் இடையே சரியாக ஐந்தரை மணி நேரம். கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள அதே வித்தியாசம். யாரையும் கேட்காத ஷெல்லுக்கு இந்திய நேரம் எப்படித் தெரியும்? அது உலகப் பொது நேரத்தைச் சொன்னது. உடைந்ததைச் சரிசெய்ய யாரையும் நம்பாத கட்டளை வேண்டும். சரியான பிறகு ஊரை அறிந்த கட்டளை வேண்டும். தானே முடிவெடுக்காமல் இரண்டையும் பேசவிட்டதே அந்த ஷெல், அதை எழுதிய மகராசன் யாரோ, அவனை மெச்சத்தான் வேண்டும். "பக்கத்துலதான்ணே, பதினொன்னே முக்கால் சுமாருக்கு" என்றாள் டெல்பின். பொழுது சாய்வதற்குள் பெர்க்மான்ஸின் குரல் வந்தது: "கெடச்சிட்டான். சோறு இருக்கான்னு கேக்கான்."