நாடா அறுந்த இடம்

செண்பகவல்லிக்கு வயது நாற்பத்தாறு. அவளிடம் ஞானப் பாடம் கேட்க வருபவர்களில் மூத்தவரான சுருளியாண்டிக்கு அறுபத்து மூன்று. போடிமெட்டு மலைப்பாதையில் இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ் ஓட்டிவிட்டு ஓய்ந்தவர்.

"நரைச்ச மீசைய வச்சுக்கிட்டு ஒரு பொம்பள முன்னால சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கியே" என்று போடியில் கேலி பேசாத ஆள் இல்லை.

"வண்டி பழகப் போறவன் ஓட்டத் தெரிஞ்சவங்கிட்டதான் போகணும். வயசு கேட்டா போவான்?" என்பார் அவர்.

ஒரு சனிக்கிழமை காலையில் துணிப்பையோடு வந்து நின்றார். பையில் சரிகை போட்ட பொன்னாடை. சட்டைப்பையில் மடித்து வைத்த நாலு பக்கத் தாள்.

"தாயி, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"உசுரக் குடுத்தவனுக்கு எப்படி நன்றி சொல்றது?"

"யாரு அவரு?"

"பாட்டுக்காரர் சவரிராயன். நாளைக்குத் தேனிக்கு வாராரு."

சவரிராயனைத் தெற்கே பலருக்குத் தெரியும். தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டு, ஐம்பது வருடமாக ஒற்றைக் கிடாரோடு ஊர் ஊராகப் பாடுகிறவர். மைக் கிடையாது. பக்கவாத்தியம் கிடையாது. எழுபத்தொன்பது வயதாகிவிட்டது. இதற்குமேல் வெளியூர் கூடாதென்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தேனிதான் கடைசி.

"அவரு எப்ப உங்களுக்கு உசுரு குடுத்தாரு?"

சுருளியாண்டி பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டி பார்வதம் செத்துப்போயி இருவதாவது நாளு தாயி. வண்டிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாரச் சொன்னாங்க. ஆளில்லாத வண்டி. விடியக்காலம். மலையில மஞ்சு எறங்கி ரெண்டடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. அந்த மாதிரி நேரத்துல, ரோடு திரும்புற வளவுக்கு வளவு ஹாரன் அடிக்கணும். எதுக்க வர்றவனும் அடிப்பான். அதுதான் எங்களுக்குக் கண்ணு."

"சரி."

"அன்னைக்கு நான் அடிக்கல."

செண்பகவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வந்தா வரட்டும், போனா போகட்டும்னு எறக்கிக்கிட்டே இருந்தேன். அப்பப் பாத்து, முந்தின டிரைவரு விட்டுட்டுப் போன கேசட்டுல இவரு பாட்டு ஓடுச்சு."

அவர் கரகரத்த குரலில் பாடிக் காட்டினார்.

*மஞ்செறங்கும் மலைப்பாதையில*
*மனசொடிஞ்சு போறவனே*
*நெஞ்சுக்குள்ள பேசிக்கிட்டே*
*நெடுந்தூரம் வந்தவனே*

"மூணாவது சரணத்துல, 'வளவு தாண்டி யாரிருக்கா, வழி கேக்க யாரிருக்கா'ன்னு ஒரு எடம் வரும். அட, யாராச்சும் இருந்தா என்ன பண்றதுன்னு கை தன்னால ஹாரன அமுத்திருச்சு. அந்தச் சத்தத்துல அடுத்த வரி காதுல விழல. ஆனா எதிர்ஹாரன் கேட்டுச்சு தாயி. ரொம்பப் பக்கத்துல. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போற ஜீப்பு. உள்ள பன்னெண்டு பொம்பளைங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வரி என்னன்னு வீட்டுல வந்து கேசட்டத் திருப்பிப் போட்டேன். சரியா அந்த எடத்துலயே நாடா சிக்கி அறுந்துபோச்சு. ஒட்டிக் கேட்டா அந்த வரி மட்டும் இல்ல. வேற கேசட்டும் கெடைக்கல. நானா ஒரு வரியப் போட்டு ரொப்பி, இருவத்திரண்டு வருசமாப் பாடிக்கிட்டு இருக்கேன். அத விடுங்க. நாளைக்கு அவரப் பாத்து இந்த நாலு பக்கத்தையும் படிச்சு, பொன்னாடை போர்த்திரணும். அது போதுமா தாயி? நன்றி சொன்னதா ஆகுமா?"

"நாளைக்குப் போவோம்ணே. நானும் வாரேன்."

"கேள்விக்குப் பதிலு?"

"போவோம்ணே."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தேனியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நிகழ்ச்சி. எண்பது நாற்காலிகள் நிறைந்து, ஜன்னலோரம் ஆட்கள் நின்றார்கள். சுருளியாண்டி மூன்றாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, திருமணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

சவரிராயன் வந்தார். வேட்டி, கதர்ச் சட்டை, மூக்குக்கண்ணாடி. ஸ்டூலில் அமர்ந்து மேலே அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேன் என்னைவிடச் சத்தமாப் பாடுது. நிப்பாட்டிருங்கப்பா. வேர்த்தா வேர்க்கட்டும்."

சிரிப்பலை அடங்கியதும் பாட ஆரம்பித்தார். குரல் தேய்ந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்பு வெட்டுகிறவர்களைப் பற்றி ஒன்று, மழைக்கு அழுத மாட்டைப் பற்றி ஒன்று, தன் மனைவியின் குறட்டையைப் பற்றி ஒன்று. ஜனங்கள் நோட்டீஸால் விசிறிக்கொண்டே சிரித்தார்கள், அழுதார்கள். இப்படியொரு மனிதர் நம் காலத்தில், நம் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தாரே என்று சுருளியாண்டிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டு, ‘மஞ்செறங்கும் மலைப்பாதையில’ பாட்டை எடுத்தார்.

முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில்,

*வளவு தாண்டி யாரிருக்கா*
*வழி கேக்க யாரிருக்கா*

குரல் நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் கிடாரில் ஓடின. சுற்றி வந்து மறுபடி அதே இரண்டு வரியைப் பாடினார். மறுபடி நின்றது.

"மறந்துபோச்சு" என்றார் மெதுவாக. "நான் எழுதுனதுதான்."

சிரித்துப் பார்த்தார். கூட்டத்தில் யாருக்கும் அந்த வரி தெரியவில்லை. முன்வரிசையில் அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐம்பது வருடப் பாட்டு இப்படியா முடிய வேண்டும் என்று எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

சுருளியாண்டி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார். அவரிடம் ஒரு வரி இருந்தது. ஆனால் அது பாட்டுக்காரருடைய வரி இல்லை. ஸ்டியரிங் பிடித்தவன் ஒட்டுப்போட்ட வரி. அதைப் போய் அவருடைய பாட்டுக்குள் நீட்டுவதா? நீட்டாமல், தன்னைக் காப்பாற்றியவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?

செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அந்த இரண்டு வரியும் வந்து, நின்றது. சுருளியாண்டி எழுந்தார். மடியிலிருந்த பை கீழே விழுந்தது.

*ஒத்த ஹாரன் அடிச்சுப் பாரு*
*ஒனக்குப் பதில் காத்திருக்கு*

சவரிராயன் நிமிர்ந்தார். ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைப் பாடினார். இன்னொரு முறை பாடினார். மூன்றாவது முறை ஹாலே சேர்ந்து பாடியது. பாட்டு முழுசாக முடிந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் மேடையிலிருந்து இறங்கி நேராகச் சுருளியாண்டியிடம் வந்தார்.

"அய்யா, அந்த வரி நான் எழுதுனதா?"

"இல்லீங்கய்யா" என்றார் சுருளியாண்டி. "நாடா அறுந்துபோச்சுங்க. நானா போட்டதுங்க. மன்னிச்சிருங்க."

"என்ன தொழில் செஞ்சீங்க?"

"பஸ்ஸு. போடிமெட்டு."

சவரிராயன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் வரி என்னன்னு எனக்கு இன்னும் ஞாபகம் வரல. வந்தாலும் இனிமே இதுதான் பாட்டு."

அதற்குள் மகள் மாத்திரை நேரம் என்று சொல்லி அவரைக் காருக்கு அழைத்துப் போய்விட்டாள். கார் தெருமுனை திரும்பும்வரை சுருளியாண்டி கூப்பிய கையை இறக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் செண்பகவல்லி இரண்டு பன்னீர் சோடா வாங்கினாள். அவர் குடிக்கவில்லை.

"தாயி, பொன்னாடை பையிலயே இருக்கு."

"ம்."

"நாலு பக்கமும் சட்டைப்பையிலயே இருக்கு. பார்வதத்தப் பத்திச் சொல்லல. ஜீப்பப் பத்திச் சொல்லல. இருவத்திரண்டு வருசம் காத்திருந்து, நேருல நின்னு, நன்றிங்கிற ஒத்த வார்த்தைய மறந்துட்டேன். மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், கூறுகெட்டவன். இனி எங்க போயி அவரப் பாப்பேன்?"

"சோடாவக் குடிங்கண்ணே."

குடித்தார். கண்ணீரும் கூடச் சேர்ந்து இறங்கியது.

"நேத்துக் கேட்ட கேள்விக்கும் நீங்க பதில் சொல்லல தாயி."

செண்பகவல்லி காலிப் பாட்டிலைக் கடையில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மஞ்சுக்குள்ள நீங்க ஹாரன் அடிச்சா, எதுக்க வர்றவன் என்ன செய்வான்?"

"அவனும் அடிப்பான்."

"அடிச்சுட்டு, வண்டிய நிப்பாட்டி, எறங்கி வந்து, பொன்னாடை போர்த்துவானாண்ணே?"

போடி பஸ் வந்து நின்றது. சுருளியாண்டி ‘ஒனக்குப் பதில் காத்திருக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.